நோட்டில் இரண்டாவது வரி

காரைக்காலில் ஆன்லின் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தனியார் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். "பிள்ளைங்க சேர மாட்டேங்குதுங்க மிஸ், நாங்க என்ன பண்றது?" என்று சொல்லித் தாளாளர் ஒரு டப்பா லட்டு கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் அம்மா சகாயம்மாளின் தையல் கடையில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தாள். முப்பத்திரண்டு வயது. பாண்டிச்சேரிக்குப் போய் வேலை தேடலாம் என்றால் அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

தம்பி கிளாட்வின்தான் ஒருநாள் போனை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையத்தில் தமிழ் கற்றுக்கொடுக்கும் தளம் அது.

"பிரெஞ்சும் தெரிஞ்சு தமிழும் தெரிஞ்ச டீச்சர் ஒலகத்துல எத்தன பேரு இருக்கப் போறாங்க? பேரும் தோதா அமைஞ்சுபோச்சு ஒனக்கு. ஆன்லைன் ஆன்லின்!"

அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். ஆனால் அன்றைக்கே பெயரைப் பதிந்தாள். 'என்ன தெரியும்' என்று கேட்ட கட்டத்தில், கொஞ்சம் கைகூசி, 'தமிழ்: பேச்சு, எழுத்து, இலக்கியம், அனைத்தும்' என்று போட்டாள்.

மூன்றாவதாக வந்து சேர்ந்த மாணவர் மொரீஷியஸ்காரர். பெயர் சினப்பென், வயது அறுபத்தேழு. முப்பத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வகுப்பு. அவருக்கு அப்போது மணி மூன்று, காரைக்காலில் நாலரை. முதல் வகுப்பிலேயே ஆன்லின் அவர் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினாள்: சின்னப்பன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல பேரு எந்த எடத்துல முடியுது?" என்று கேட்டார். கடைசிப் புள்ளியைக் காட்டினாள். அந்தப் புள்ளியைத் தன் நோட்டுப் புத்தகத்தில் ரொம்ப அழுத்தி வைத்தார்.

இருவரும் பேசிக்கொண்டது பிரெஞ்சில்தான். அவர் பேச்சில் அந்தத் தீவின் வாடை அடிக்கும். ஆனாலும் ஆன்லினின் காதில் அதெல்லாம் தானாகவே காரைக்கால் பேச்சாக மாறி விழுந்தது. அவள் பிரெஞ்சு மரியாதைப்படி அவரை 'முசே சினப்பென்' என்றாள். அவர் அவளை 'டீச்சர்' என்றார்.

எதற்காக இந்த வயதில் தமிழ் படிக்க வந்தார் என்பதை மூன்றாவது வகுப்பில் சொன்னார். அவர்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது பேசுவார்களாம். இந்த முறை அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு: எங்கள் பணத்தின் கதை.

"நான் படிச்சவன் இல்ல டீச்சர். ஆனா எங்க நாட்டுல அடிச்ச நோட்டு அத்தனையும் என் கை வழியா போயிருக்கு. அதனால என்னக் கூப்பிட்டுட்டாங்க. கடைசியில கொஞ்சமாச்சும் தமிழ்ல பேசிப்புடணும்னு ஆச."

பிறகு அந்தக் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லத் தொடங்கினார். பாதி வகுப்பு அதிலேயே போகும். ஒரு காலத்தில் அந்தத் தீவுக்கென்று சொந்தக் காசே கிடையாது. கப்பல் எந்தக் காசைக் கொண்டு வருகிறதோ அதுதான் செல்லும். ஸ்பானிஷ் வெள்ளி, பிரெஞ்சுக்காசு, அப்புறம் வெள்ளைக்காரனின் ஷில்லிங். கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

"அவங்களுக்குத் தெரிஞ்சது ரூபா ஒண்ணுதான். வேற எதக் குடுத்தாலும் நம்ப மாட்டாங்களாம். கடையும் ரூபாய்க்குத் திரும்பிடுச்சு. கடைசியில கவர்மெண்ட்டே, ஆயிரத்து எண்ணூத்து எழுபதுகள்ல, சரி இனிமே இங்க ரூபாதான்னு எழுதிட்டாங்க. எங்க நோட்டுல இன்னிக்கும் ரூபாய்ன்னு இருக்குன்னா, அது அந்தக் கூலிக்காரங்க கொண்டாந்த பேரு."

ஆன்லின் கடலை ஒட்டிய அரசலாற்றுப் பாலத்தில் எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறாள். கூலிக்குப் போனவர்களின் கப்பல்கள் இந்தக் கரையிலிருந்தும் போயிருக்கின்றன என்று கல்லூரியில் ஒரு வரி படித்ததும் உண்டு. போனவர்கள் ஒரு நாட்டின் காசுக்கே பெயர் மாற்றிவிட்டார்கள் என்பது அவளுக்குப் புதிது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் இன்னொன்று சொன்னார்.

"தொண்ணூத்தெட்டுல புது நோட்டு வந்துச்சு டீச்சர். அதுவரைக்கும் மேல இங்கிலீஷ், ரெண்டாவது வரி தமிழ், அதுக்குக் கீழ இந்தி. புதுசுல தமிழக் கீழ எறக்கிட்டாங்க. எங்க ஆளுங்க கொதிச்சுப் போயிட்டாங்க. என் பஸ்ஸுல ஒரு அம்மா, மீதி சில்லறைக்கு அந்த நோட்டக் குடுத்தா கையாலயே தொட மாட்டேன்னுட்டு எறங்கிப் போயிட்டாங்க. ஊர்வலம் நடந்துச்சு. நானும் போனேன், லீவு போட்டுட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த நோட்டெல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டு, பழைய வரிசையிலயே அடிச்சாங்க. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல." அவர் காமிராவை விட்டு எங்கோ பார்த்தார். "ஊர்வலத்துல நடக்குறப்ப பக்கத்துல வந்தவர்கிட்ட நோட்ட நீட்டி மெதுவா கேட்டேன், இதுல எது நம்ம வரின்னு. அவரு சொன்னாரு, எனக்கும் தெரியாது, நீ சத்தமா கத்துன்னு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆன்லினும் சிரித்தாள். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"அந்த வரிய நான் வாசிக்கணும் டீச்சர். மண்டபத்துல, மனப்பாடமா இல்லாம, நோட்டப் பாத்து."

சட்டைப் பையிலிருந்து இருபத்தைந்து ரூபாய் நோட்டை எடுத்துக் காமிராவுக்கு முன்னால் பிடித்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் விரலை வைத்து வாசித்தார். இ. ரு. ப. மூன்று தடவை தடுமாறி நாலாம் தடவை 'இருபத்தைந்து' முழுசாக வந்துவிட்டது. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகு நோட்டின் வேறொரு இடத்தைக் காட்டி, "இது என்ன டீச்சர்? இதுவும் தமிழா?" என்றார்.

இரண்டு எழுத்துகள். உ. ரு.

அவளுக்கு விளங்கவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். 'அனைத்தும்' என்று எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. "உரு" என்றாள். "உருவம்னு அர்த்தம். நோட்டுல ஒருத்தர் படம் இருக்கு இல்லியா, அதுக்காக."

"உரு," என்று அவர் பக்தியோடு திருப்பிச் சொன்னார். எழுதிக்கொண்டார். "இதையும் மண்டபத்துல சொல்லிடறேன்."

சனிக்கிழமை பேச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று அந்த நாட்டு நோட்டுகளின் படங்களை எல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள் ஆன்லின். ஐம்பது ரூபாய் நோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். அதில் அந்த இடத்தில் 'உ'வைக் காணோம். 'ரு'தான் முதலில் நின்றது. நூறில் வேறு ஏதோ. எல்லா நோட்டிலும் ஒரு படம் இருக்கிறது. ஆனால் உரு இருபத்தைந்தில் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு நிமிஷம் தேடியதில் தெரிந்துவிட்டது. அது எழுத்தே இல்லை. எண். பழைய தமிழ் எண்ணில் ௨ என்றால் இரண்டு, ௫ என்றால் ஐந்து. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த அட்டவணை இருந்தது. பரீட்சைக்கு வராது என்று சொன்னதால் வகுப்பில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"என்னடி, மொகம் செத்துப் போயிருக்கு?"

சொன்னாள். சகாயம்மாள் மிஷினை நிறுத்தவில்லை. தையல் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அந்த மனுசன் நாளைக்கு மைக்கப் புடிச்சு இதச் சொல்லப்போறாரா?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னும் ஏன் என்கிட்ட நின்னு சொல்லிக்கிட்டிருக்க? அவருகிட்ட சொல்லு."

"போச்சுன்னா? ஒரு புகார் எழுதினார்னா அந்த சைட்டுல என்னையத் தூக்கிடுவாங்க. மூணே பேருதான் இருக்காங்க எனக்கு."

"தூக்கினா இங்க கொக்கி கெடக்கு, வந்து தை," என்றாள் சகாயம்மாள்.

ஆன்லின் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். அன்று கோவிலில் பந்தல் வேலை இருக்கிறது என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குரல் பதிவாக அனுப்பலாம் என்று ஆரம்பித்தாள். ஆறு தடவை பதிந்து ஆறையும் அழித்தாள். ஒன்றில் கரண்டு போனதைக் காரணம் சொல்லியிருந்தாள். இன்னொன்றில் நோட்டு சரியாகத் தெரியவில்லை என்று அவர் காமிராவின் மேல் பழியைப் போட்டிருந்தாள். ஏழாவதில் இப்படித்தான் சொன்னாள்: "முசே சினப்பென், அது உரு இல்லீங்க. அது இருபத்தஞ்சு. பழைய தமிழ் நம்பர். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

சனிக்கிழமை காலை பத்தேமுக்காலுக்குத்தான் அவர் அதைக் கேட்டார் என்று போன் காட்டியது. அங்கே அப்போது ஒன்பதே கால். பேச்சு பத்து மணிக்கு. பதில் வரவில்லை. பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது. அம்மா கொடுத்த பழைய ரவிக்கை ஒன்றின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். பிரிக்க வேண்டாத கையையும் சேர்த்துப் பிரித்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு வீடியோ வந்தது. கிளாட்வின் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மண்டபம் நிறைய ஜனம். சினப்பென் வெள்ளை வேட்டியில் நின்றார். தீவுப் பேச்சில் ஏதோ சொல்லி முடித்துவிட்டு நோட்டை மேலே தூக்கினார். அப்புறம் தமிழ். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம்போல நின்று நின்று பேசினார்.

"இது... ரெண்டாவது வரி. நம்ம வரி. இருபத்தைந்து ரூபா." விரலை வைத்து வாசித்தார். கை தட்டினார்கள். அவர் கையை அமர்த்தினார். "இங்க இன்னும் ஒண்ணு இருக்கு. நான் உரு நினைச்சேன். உரு இல்ல. நம்பர். முப்பத்தெட்டு வருஷம் இது என் கை. எனக்குத் தெரியாது. என் டீச்சர் காரைக்கால். அவங்களுக்கும் தெரியாது."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ஆன்லின் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஊரு மானத்தக் கப்பலேத்திட்டியே!" என்றான் கிளாட்வின்.

"சும்மா இருடா, அவரு இன்னும் பேசுறாரு," என்றாள் சகாயம்மாள். எப்போது வந்து பின்னால் நின்றாளோ தெரியவில்லை.

"டீச்சர் நேத்து கத்துக்கிட்டாங்க. எனக்குச் சொன்னாங்க. நான் இன்னைக்குக் கத்துக்கிட்டேன்." சினப்பென் கூட்டத்தைப் பார்த்தார். "நீங்க?"

அதற்குப் பிறகு யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் கைப்பையைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவர் சட்டைப் பையைத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க ஆளுக்கொரு நோட்டை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் ஒருவர் காட்டிக் கேட்டுக்கொண்டார்கள். படம் பிடித்தவரும் தன்னுடைய நோட்டைத் தேடியிருக்க வேண்டும். வீடியோ தரையைக் காட்டியபடியே முடிந்தது.

மாலையில் அவரே கூப்பிட்டார். ஆன்லின் மறுபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் விடவில்லை.

"கோவம் வந்துச்சு டீச்சர், மறைக்கல. காலையில அதக் கேட்டதும் போனத் தூக்கிக் கட்டில்ல போட்டேன். வேட்டி கட்டுறப்ப யோசிச்சேன். ஊர்வலத்துல எனக்குத் தெரியாதுன்னு நான் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன், அதுவும் காதோட. நீங்க சின்னப் பொண்ணு, எங்கிட்டயே நேராச் சொல்லிட்டீங்க. அது இருக்கட்டும், இங்க பதினோரு பேரு படிக்கணுங்கறாங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு ஒங்களுக்குத் தோதுப்படுமா?"

தோதுப்படும் என்றாள் அவள்.

மறுவாரம் கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்தார்கள். துணி மூட்டைகளைப் பரணில் ஏற்றினான் கிளாட்வின். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. ஆன்லின் தன் விவரத்தில் இருந்த 'அனைத்தும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'தமிழ்: பேச்சு, எழுத்து' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் திரையில் பதினோரு முகங்கள் வந்தன. பன்னிரண்டாவதாகச் சினப்பென், எல்லாருக்கும் முன்னால் சேர்ந்த மாணவன் என்ற மிடுக்கோடு. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்ல, அவள் அதைப் பலகையில் தமிழில் எழுதினாள். கடைசியில் இருந்தது எழுபத்தொரு வயது அம்மா. மூக்கால் இழுத்து 'அமூதோம்' என்றார். என்ன பெயர் என்று பிடிபட ஆன்லினுக்குக் கொஞ்ச நேரமானது. பிறகு எழுதினாள்: அமுதம்.

"அதுக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்குதா?" என்று கேட்டார் அந்த அம்மா. "சும்மா ஒரு சத்தம்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருக்கேன்."

"இருக்குங்கம்மா. சாவே வராம பண்ற சாப்பாடு, தேவலோகத்துல சாப்பிடறது. அது மட்டுமில்ல, வீட்டுல சமையல் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னா, அமுதமா இருக்குன்னு சொல்லுவோம்."

திரையில் அந்த அம்மாவின் முகம் அசையாமல் நின்றதைப் பார்த்து, நெட் போய்விட்டதோ என்று ஆன்லின் பயந்தாள். பிறகு அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குள்ளே பார்த்து, அடுப்படியில் இருந்த மகளை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வகுப்பில் எல்லாரும் அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள்.