அண்ணிக்கு ஊர் சுற்றிக் காட்டியது

எங்கள் ஊர்தான் இந்த நாட்டின் தலைநகரம் என்று நான் சொல்லித்தான் பாதிப் பேருக்குத் தெரிகிறது. மீதிப் பேர் சொன்னாலும் நம்புவதில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் "கடற்கரை ஊருக்கு பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். அந்த பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்தான் எனக்குக் கிடைப்பார்கள். நான் ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் மைக் பிடிக்கிறவள். மாடியில் கூரை இல்லாத சிவப்பு பஸ். நாடாளுமன்றம், தபால் தலை அருங்காட்சியகம், ஆற்றுப் பாலம், தாவரவியல் பூங்கா, மூக்கு உடைந்த தளபதி சிலை எல்லாம் காட்டுவேன். "இவ்வளவுதானா?" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்கத் தெரியாதவனுக்குக் கடலும் வெறும் உப்புத் தண்ணீர்தானே ஐயா!

உதட்டைப் பிதுக்குவதில் என் நாத்தனாரை மிஞ்ச ஆள் கிடையாது. என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதே கடற்கரை ஊரில் லாட்ஜ் வைத்திருக்கிறார். எல்லா அறைக்கும் கடலைப் பார்த்த பால்கனி. அவர் வீட்டுக்காரர் போன பிறகு லாட்ஜைத் தனியாகத்தான் நடத்துகிறார். வாராவாரம் போன் வரும்.

"தம்பி, அந்த ஊர்ல என்னடா இருக்கு? இங்க வந்து லாட்ஜைப் பாத்துக்கோ. உன் பொண்டாட்டி ரிசப்ஷன்ல உக்காரட்டும்."

கணவருக்கு அந்தப் பேச்சு தேனாக இனித்தது. எனக்கு வேப்பங்காயாகக் கசந்தது. "சாவி எடுத்துக் குடுக்கவா நான் இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன்?" என்று கேட்டேன். ஒரு மாதம் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"அக்கா ரெண்டு நாள் இங்க வந்து தங்கட்டும். ஊரைப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்தை அவ வாயிலேர்ந்து வந்துட்டா, இந்தப் பேச்சையே விட்டுடறேன். வரலைன்னா நீ மூட்டை கட்டணும்."

எவ்வளவு தாராள மனசு, பாருங்கள்! அண்ணி எதையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. எங்கள் கல்யாணத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்து "பரவாயில்ல" என்றார். அதற்கே மாமியார் வீட்டில் இரண்டு நாள் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். தெரிந்துதான் இவர் பந்தயம் கட்டினார். ரோஷத்தில் நானும் ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் நாசமாகப் போனது. நாடாளுமன்றத்தில் கூட்டத்தொடர் இல்லை. "இம்மாம் பெரிய கட்டடம், ஒரு ஆளைக் காணோம். வாடகைக்காவது விடலாமே," என்றார் அண்ணி. அருங்காட்சியகத்தில் எங்கள் முதல் தபால் தலையைக் காட்டினேன். "நாக்கால நக்கி ஒட்டறதுக்குப் போய் இவ்ளோ பெரிய மாளிகையா?" பாலத்தில் நின்று "தண்ணி எங்கம்மா?" என்று என்னையே கேட்டார். பூங்காவில் பெயர்ப்பலகை வைத்து வேலி போட்டிருந்த அபூர்வச் செடியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இது எங்க லாட்ஜுக்குப் பின்னாடி தானா முளைக்குது. நான் புடுங்கிப் போடறேன்."

கணவர் இருமுவதுபோல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அந்தக் கைக்குட்டையை அவர் வாயிலேயே திணிக்கலாமா என்றிருந்தது. ஆனால் வீடு திரும்பும்போது அண்ணி சொன்ன ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. "எங்க போனாலும் ஈ காக்கா இல்ல. நல்ல இடமா இருந்தா கூட்டம் வந்திருக்காதா?"

கூட்டம்தானே வேண்டும்? எங்கள் தொழிலில் அதற்கு வழி உண்டு. ஓர் இடம் விலைபோகவில்லை என்றால், டிப்போவில் வேலை இல்லாமல் இருக்கிற ஆட்களை மாற்று உடையில் அங்கே கொண்டு போய் நிறுத்துவோம். கூட்டம் போடுவது என்று அதற்குப் பெயர். பிறகு மக்கள் தானாக வருவார்கள். சாயங்காலமே எங்கள் பஸ் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நாளைக்குக் காலையில தளபதி சிலைகிட்ட நம்ம ஆளுங்களை வரிசையா நிறுத்தணும்."

"எதுக்கு நிக்கறீங்கன்னு யாராவது கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. அப்பதான் நம்புவாங்க."

மறுநாள் சிலைக்குப் போனபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வரிசை நீரூற்றைச் சுற்றி, மருந்துக்கடையைத் தாண்டி, முனையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நின்ற ஏழு பேர்தான் எங்கள் ஆட்கள். மற்றவர்களை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"என்னம்மா இது?" என்றார் அண்ணி.

"சாதாரண சிலைதான், அண்ணி. ஒரே கூட்டமா இருக்கு. வாங்க, போயிடலாம்."

"போறதா? இத்தனை பேர் சும்மாவா நிக்கறாங்க? உனக்கு உன் ஊரே தெரியல!"

இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம். முன்னால் இருந்த அம்மா, தளபதியின் பூட்ஸைத் தொட்டால் மூட்டுவலி போகும் என்றார். குடை வைத்திருந்தவர், தொலைந்த சாமான் கிடைக்கும் என்றார். இன்னொருவர் கையில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு நின்றார். அவரை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

அப்போது கண்ணாடி போட்ட ஒருவர் நைசாக நடுவில் நுழைந்தார். அண்ணி விடுவாரா?

"ஏங்க கண்ணாடி! இத்தனை பேர் நிக்கறது தெரியலையா? பின்னாடி போங்க!"

வரிசையே கைதட்டியது. அதிலிருந்து அண்ணிதான் அங்கே எல்லாம். யாரோ மடக்கு நாற்காலி கொடுத்தார்கள். யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார்கள். ஒருத்தி குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மூட்டுவலிக்கார அம்மா தன் மருமகளைப் பற்றிச் சொன்ன எதற்கோ அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இது என்ன கூட்டம் என்று விசாரிக்க வந்த போலீஸ்காரரையும் "தம்பி, வரிசையில வாங்க" என்று பின்னால் அனுப்பினார். அவரும் போய் நின்றார்.

அண்ணி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே சிலைவரை போனபோதுதான், அதுவரை முன்னால் நின்றுகொண்டே இருந்த எங்கள் டிரைவர் சிலையைத் தொடப் போனார். சும்மா தொட்டுவிட்டு வந்திருக்கலாம். மனிதர் பூட்ஸில் நெற்றியை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தபோது அண்ணி பூட்ஸில் கை வைத்து ரொம்ப நேரம் நின்றார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"என்ன வேண்டிக்கிட்டீங்க, அண்ணி?"

"ஒண்ணுமில்ல. அதுக்குள்ள வரிசை முடிஞ்சிடுச்சேன்னு இருந்துச்சு." பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்க ஊருக்கு வர்றவங்க எல்லாம் கடலைப் பாத்து நிப்பாங்க. நான் அவங்க முதுகைப் பாத்துக்கிட்டே காலத்தை ஓட்டறேன். சாவி குடுங்கன்னு கேக்கறதத் தவிர ஒருத்தர் வாய் திறக்கறதில்ல. இது நல்ல ஊரும்மா."

வந்துவிட்டது! கணவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். எழுந்து ஒரு சுற்று ஆடாததுதான் பாக்கி.

"அதனால லாட்ஜைக் குத்தகைக்கு விட்டுட்டு உங்ககூடவே வந்து இருந்துடலாம்னு பாக்கறேன்," என்றார் அண்ணி.

எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரே ஒரு நாத்தனாரைக்கூடத் தாங்காத ஒரு நான். வரிசை நான் போட்டது என்று சொல்லிவிட்டால் அண்ணி அந்த நல்ல வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வார், நான் ரிசப்ஷனுக்குப் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் ரிசப்ஷனே என் வீட்டுக்கு வந்துவிடும். இப்போது சிரிப்பது கணவரின் முறையாயிற்று.

அந்த நேரம் பார்த்து டிரைவர் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், நம்ம ஆளுங்க கேக்கறாங்க. இன்னொரு ரவுண்டு நிக்கணுமா?"

போங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் அழுதப்பவே தெரிஞ்சுதும்மா. நானும் தொழில் பண்றவதான். சீசன் இல்லாதப்ப என் துணிமணியை எல்லா பால்கனியிலயும் காயப் போட்டு வைப்பேன், லாட்ஜ் நிறைஞ்சிருக்குன்னு நினைக்கட்டுமேன்னு. சாயங்காலம் தனியா ஒவ்வொரு ரூமாப் போய் எடுப்பேன்."

"அண்ணி... நான் வந்து..."

"முன்னாடி நின்ன ஏழு பேரும் உன்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க, உன் ஆளுங்க. என் கையில குழந்தையைக் குடுத்தாளே, அவளையும் நீதான் ஏற்பாடு பண்ணியா?"

"இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

"அது போதும்."

காலியான அறை அறையாகப் போய்த் தன் சேலையைத் தானே எடுத்து மடிக்கிற பொம்பளை கண்ணுக்குள்ளேயே நின்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஏனென்றால் பந்தயத்தில் ஜெயித்தது நான், ஆனால் இனி அண்ணியை வர வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

கணவர் மெதுவாக என் காதருகில் குனிந்தார். "அக்கா வந்தா எங்க படுப்பா?"

"நம்ம ரூம்ல, என்கூட," என்றேன். "நீங்க ஹால்ல."