சினிமா சாம்பியன் ஆடிய நிஜ ஆட்டம்

படத்தில் சதுரங்க சாம்பியனாக நடித்ததிலிருந்து நாயகனுக்குத் தலைகால் புரியவில்லை. போகிற இடமெல்லாம் குதிரையை எப்படி நகர்த்துவது என்று வகுப்பெடுத்தார். படப்பிடிப்பில் காய்களை நகர்த்திக் காட்டியது உதவி இயக்குநர் என்பதை அவரே மறந்துபோனார்.

ஒரு போட்டியைத் தொடங்கிவைக்க அழைத்தார்கள். போன வருடம் ஜெயித்த பல் டாக்டரம்மாவோடு சும்மா ஓர் ஆட்டம் ஆடச் சொன்னதும், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். படத்தில் செய்தது போலவே கண்ணை மூடி யோசித்து, காயை ஓங்கி வைத்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. நாலாவது நகர்த்தலிலேயே டாக்டரம்மா ராணியை அவருடைய ராஜாவை ஒட்டி வைத்து, "செக்மேட் சார்" என்றார்.

"ஒன் மோர் போலாம்" என்றார் நாயகன், பழக்கதோஷத்தில்.

"இது ஷூட்டிங் இல்ல சார். ஆட்டம் முடிஞ்சுபோச்சு."

கூட்டம் சிரித்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. சட்டென்று எழுந்து டாக்டரம்மாவின் கையைத் தூக்கிப்பிடித்து, "பொண்ணுங்களுக்கு விட்டுக்கொடுக்கறதுதான் என் பழக்கம்!" என்று முழங்கினார். சிரித்த கூட்டமே விசிலடித்தது.

டாக்டரம்மா கையை விடுவித்துக்கொண்டார். "அப்ப இன்னொண்ணு ஆடலாம் சார். இந்தத் தடவை விட்டுக்கொடுக்காதீங்க."

நாயகன் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் காருக்கு நடந்தார், வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் நின்று நிதானமாக ஆட்டோகிராஃப் போட்டுக்கொண்டே.