பிந்தி விழுந்த சுரங்கள்

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு கிட்டார் வாசிப்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. பிறகு காது எதற்கு இருக்கிறது? பதினேழு வருடமாக வீட்டிலேயே வாசித்து, பதிவு செய்து, அனுப்பிப் பிழைக்கிறவன் நான். ஒரு நாள்கூட திரையைத் திரும்பிப் பார்த்ததில்லை. படுக்கையறைத் துணி அலமாரியை விரியத் திறந்து, தொங்குகிற சட்டைகளைப் பார்த்தபடி உட்காருவேன். சட்டைகள் எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். மைக் என் முழங்காலுக்கு முன்னால் நிற்கும். எனக்குப் பின்னால் மேசை, கம்ப்யூட்டர், அதன் முன்னால் என் மனைவி.

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள், நான் வாசிப்பேன், வாசித்ததும் எழுந்து போய்விடுவேன். இருமல், நாற்காலி முனகல், தப்பாகத் தொட்ட கம்பி எல்லாவற்றையும் அவள் வெட்டித் துடைத்து அனுப்பிவைப்பாள். கடைசியில் துடைத்ததை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டுவாள். "சமைக்கிறது நான், பாத்திரம் தேய்க்கிறது நீ" என்று சீண்டுவேன். "தேய்க்கலன்னா தெரியும் உங்க வண்டவாளம்" என்பாள். இப்படியே சிரித்துக்கொண்டு காலம் ஓடிவிட்டது.

அன்று மதியம் அவள் வீட்டில் இல்லை. கொழுந்தியாளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தாள். ஒன்றரைக்கு இசையமைப்பாளரிடமிருந்து போன். ஆறு வருடப் பழக்கம். விளம்பரமோ நாடகமோ, கிட்டார் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்.

"அண்ணே, முப்பது செகண்டுதான். ட்ரம்ஸ் போட்டு அனுப்பிட்டேன், மேல உங்க கிட்டார் மட்டும் வேணும். அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க. வேற யார்கிட்ட குடுத்தாலும் நான் உக்காந்து ரிப்பேர் பண்ணணும். உங்களுதுன்னா அப்படியே எடுத்து வெச்சுடலாம்."

வாயெல்லாம் பல்லாகப் போனை வைத்தேன். மனைவிக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்த எனக்குத் தெரியாதா என்ன? நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். மைக்கை இழுத்து வைத்தேன். பொத்தான் எங்கே என்று தேடுவதற்கே பத்து நிமிடம் ஆனது, அதை அவளிடம் சொல்லவேண்டியதில்லை. ஹெட்போனில் டிக் டிக்கென்று தாளம் ஓட, நாலு எண்ணி வாசித்தேன். நன்றாகவே வந்தது. காதுக்குக் குறை ஒன்றும் படவில்லை.

அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. நான் கம்பியைத் தொட்ட இடமெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு புடைப்பு. ட்ரம்ஸின் புடைப்புகள் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தன. என்னுடையவை கோட்டைத் தாண்டி, கொஞ்சம் பின்னால் விழுந்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை, பெரும்பாலும் அப்படித்தான்.

இன்னொரு முறை வாசித்தேன். அப்படியேதான். மூன்றாவது முறை வேண்டுமென்றே முந்தி வாசித்தேன். சில முந்தின, சில பிந்தின, கோட்டின்மேல் ஒன்றுகூட இல்லை.

மெஷினில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அந்தக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்த நண்பனை எல்லோரும் ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவோம்; அவன் சட்டைப் பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், உன் டப்பா நான் வாசிக்கிறத லேட்டாப் பதியுதுடா."

"ஒன்பது வருஷமா ஓடுது, இன்னைக்குத்தான் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதா? சத்தம் உள்ள போய் வெளிய வர கொஞ்சம் நேரம் எடுக்கும். செட்டிங்ஸ்ல பஃபர்னு ஒண்ணு இருக்கும், அத குறை."

குறைத்தேன். வாசித்தேன். மாற்றமில்லை.

"அப்ப ஒரு வேலை பண்ணு. ஹெட்போனைக் கழட்டி மைக்குக்கு முன்னாடி வை. அந்த டிக் டிக்கையே ரெக்கார்ட் பண்ணு. அது கோட்டு மேல விழுந்துச்சுன்னா மெஷின்ல தப்பு இல்ல."

"தப்பு இல்லன்னா?"

"வாசிக்கிறவன்தான் லேட்டு" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

ஹெட்போனை மைக்கின் வாயருகே பிடித்துக்கொண்டு அரை நிமிடம் பதிவு செய்தேன். டிக், டிக், டிக். எழுதி வைத்த மாதிரி ஒவ்வொன்றும் கோட்டின்மேல் விழுந்திருந்தது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தூக்கம் சரியில்லை, நேற்று ரொம்ப நேரம் வாசித்தேன், கம்பி பழசு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். கிட்டாரை மடியில் படுக்க வைத்து, கம்பியைத் தொடாமல், தாளத்துக்கு மரத்தின்மேல் இடது கையால் தட்டினேன். பதினாறு தட்டு. பதினாறும் கோட்டை ஒட்டியே இருந்தன. வலது கையை எடுத்தேன். அதே பதினாறு. முதல் மூன்று சரி. நாலாவது பிந்தியது. ஏழாவது இன்னும் பிந்தியது. பத்தாவதற்கு மேல் என் கை என்ன நினைத்ததோ அதுவாகத் தட்டியிருந்தது.

தட்டும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் என்னைக் குலை நடுங்க வைத்தது. வலி இருந்தால் கை என்னோடு பேசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது.

என் அப்பாவுக்கும் முதலில் நடுக்கம் வரவில்லை. அவர் தையல்காரர். சட்டைக்குப் பொத்தான் போட ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். வயதாகிறது என்று நாங்கள் கேலி செய்தோம். நடுக்கம் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. கடைசி நாலு வருடம் அவருக்குச் சோறு ஊட்டியது நானில்லை, என் மனைவி.

அந்த நினைப்பு வந்ததும் இன்னொரு கேள்வி தானாக வந்தது. கை இப்படி இருக்கிறதென்றால், போன வாரம் அனுப்பிய பாட்டைக் கேட்டவர்கள் என் கை சுத்தம் என்று எப்படிப் பாராட்டினார்கள்?

போன வாரத்து வேலையைத் திறந்தேன். இரண்டு வரிசை இருந்தது. மேலே "அனுப்பினது", கீழே "பழசு". கீழ் வரிசையில் என் கம்பளிப்பூச்சிகள் கோட்டுக்குப் பின்னால் தள்ளாடிக்கொண்டிருந்தன. மேல் வரிசையில் அவையே துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றாகக் கோட்டின்மேல் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நாலு நிமிடப் பாட்டு. எண்ண ஆரம்பித்து இருநூறில் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் பின்னால் போனேன். அங்கேயும் வெட்டு, கொஞ்சம் குறைவு. மூன்று மாதம் பின்னால் போனேன். ஆறு மாதம். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு வேலையில் இரண்டே இரண்டு வெட்டு இருந்தது. அதற்கும் முந்தையதில் ஒரே வரிசைதான், ஒரு வெட்டும் இல்லை. எட்டு மாதமாக நான் காலாட்டிக்கொண்டு கேட்டு ரசித்ததெல்லாம் அவள் நகர்த்தி வைத்த என் கை.

நாற்காலியை விட்டு எழாமல் தலையைத் திருப்பினேன். பின்னால் அலமாரியில் சட்டைகள். அதில் புதிதாக வந்த ஐந்தும் தலைவழியாகப் போடுகிற சட்டைகள், பொத்தானே கிடையாது. "இஸ்திரி போட வேண்டாம், சௌகரியம்" என்று அவள்தான் வாங்கி வந்தாள். தேநீரை இப்போதெல்லாம் முக்கால் கப்புதான் தருகிறாள். கேட்டதற்கு "சர்க்கரையைக் குறைங்க" என்றாள். நானும் முணுமுணுத்துவிட்டுக் குடித்தேன். இந்த வீட்டில் எல்லாம் எனக்காக ஓசைப்படாமல் நகர்த்தப்பட்டிருந்தது. என் வீட்டைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நாலே காலுக்குப் பூட்டில் சாவி திரும்பியது.

"குழந்தை உங்க மச்சினிய உரிச்சு வெச்சிருக்கு, அதே கோபம், அதே..." என்று பேசிக்கொண்டே வந்தவள் அறை வாசலில் நின்றாள். நாற்காலி திரும்பியிருந்ததைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எப்பத்துல இருந்து?" என்றேன்.

"அதான் பாத்துட்டீங்களே."

"உன் வாயால சொல்லு."

"எட்டு மாசம். மொதல்ல ரெண்டு நோட்டுதான். சரியாத் தூங்கலன்னு நெனச்சேன். அடுத்த வாரம் அஞ்சு ஆச்சு."

"அன்னிக்கே சொல்ல வாய் வரலையா உனக்கு? எட்டு மாசம்! எட்டு மாசத்துல மருந்து மாத்திரைன்னு எவ்வளவோ பாத்திருக்கலாம். நான் ஊரெல்லாம் என் கை சுத்தம்னு மார் தட்டிக்கிட்டுத் திரியறேன், நீ பின்னாடி உக்காந்து பொம்மை ஆட்டுற மாதிரி ஆட்டிக்கிட்டு இருந்திருக்க."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயரும். அன்று உயரவில்லை, உடைந்தது. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மாமாவுக்கு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான்தான் கூடப் போனேன்" என்றாள். "நீங்க ரெக்கார்டிங்னு வரல. அன்னிக்குக் காலைல கூட அவர் ஒரு கோட்டுக்குத் துணி வெட்டினாரு. மெதுவா வெட்டினாரு, ஆனா நல்லா வெட்டினாரு. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலைத் துணியில சுத்தி உள்ள வெச்சாரு. அதுக்கப்புறம் தொடவே இல்ல. கை அவர விட்டுப் போக இன்னும் ரெண்டு வருஷம் இருந்துது. அந்த நோயோட பேரக் கேட்ட அன்னிக்கே அவர் விட்டுட்டாரு. நீங்களும் அவர் பிள்ளைதானே."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த நிமிடம் நானும் கிட்டாரை உறைக்குள் போட்டுப் பூட்டிவிடத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணி நாலரை ஆகியிருந்தது. அவள் எழுந்து மேசைக்கு வந்தாள், பழக்கமாக மௌஸைப் பிடித்தாள். "இன்னிக்கு வாசிச்சது இதானே? பத்து நிமிஷம் குடுங்க, சரி பண்ணி அனுப்பிடறேன். அப்புறம் பேசலாம்."

"கை வைக்காத."

"வேலை போயிடும்."

"கை வைக்காதன்னு சொன்னேன்ல."

வீறாப்பு இல்லை அது. எட்டு மாதமாக வெளியே யாருக்கும் என் கை தெரியாது, எனக்கும் தெரியாது. எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று வேறு ஒரு காது சொல்ல வேண்டும். திரை பொய் சொல்கிறது என்று மனசின் ஒரு மூலை இன்னமும் நம்பிக்கொண்டிருந்தது. கோடு எப்படி விழுந்தால் என்ன, கேட்க நன்றாக இருந்தால் போதாதா? கேட்கிறவனுக்குத் தெரியாமல்கூடப் போகலாம். நான் முதலில் வாசித்ததை, இருந்தது இருந்தபடியே, நானே அனுப்பினேன்.

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து இசையமைப்பாளரிடமிருந்து குரல் செய்தி வந்தது. நான் தொடவில்லை. அவள்தான் தொட்டாள்.

"அண்ணே, கேட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க, இது நீங்க வாசிச்சதா? புதுசா யாராவது கத்துக்கறவங்களை உக்கார வெச்சீங்களா? பரவாயில்ல, அவங்க இன்னும் கொஞ்சம் பழகட்டும். இதுக்கு மட்டும் நீங்களே ஒரு தடவை வாசிச்சு அனுப்பிடுங்க."

மரியாதையாகத்தான் பேசினார். அதில் கேலியே இல்லை. செய்தி முடிந்தபிறகும் அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். என் வலது கை தொடைமேல் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.

"எனக்கு எட்டு மாசமா பயமா இருக்கு."

"டாக்டருக்குப் போன் போடு."

நம்பர் தேடுவாள், யாரையாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் தேடவில்லை. இரண்டு தட்டலில் மணி அடிக்க ஆரம்பித்தது. மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்; அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவள் பேசியது எனக்கும் கேட்டது. புது பேஷண்டா, பழசா என்று கேட்டாள்.

"புதுசுதாம்மா" என்றாள் என் மனைவி. பிறகு என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்ல, உங்களுக்கு என் குரல் தெரியும். மூணு தடவை தேதி வாங்கிட்டு வராம விட்டேனே, அதே ஆளுதான். இந்தத் தடவை அவருக்குத் தெரியும்மா. கூட்டிட்டு வந்துடறேன்."