ராங்கிக்கு ஒரு துணை

அக்கா வாங்கி வந்த மாப்பிள்ளை மீன் மூன்று மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. ஒன்றரை மணிக்குப் பையை அவிழ்த்துத் தொட்டிக்குள் விட்டாள். நாலு மணிக்கு டீ வடிகட்டியால் அதை அள்ளி எடுத்தாள். வால் கந்தலாகியிருந்தது. ஒரு பக்கத்துச் செதில்களே இல்லை. தொட்டிக்குள் ராங்கி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியின் வாசலில் மேலும் கீழும் உலாவிக்கொண்டிருந்தது.

ராங்கி என்று பெயர் வைத்தது சின்னவள்தான். விரல் நீள ஆரஞ்சு உடம்பு, குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்று சொல்கிறார்களே தவிர, யாரையும் அது சிரிக்க வைத்ததில்லை. தொட்டியைத் துடைக்கக் கையை விட்டால் விரல் முட்டியைப் பார்த்துக் கடிக்கும். ஒருமுறை துணைக்கு இருக்கட்டும் என்று விட்ட நீல மீன் ஒன்று, பத்து நாளும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலேயே ஒளிந்திருந்துவிட்டுக் கடைக்கே திரும்பிப் போனது. அக்காவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மயக்க மருந்து டாக்டர் ஊரை விட்டுப் போகும்போது தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போன மீன் அது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமும் ஒற்றைதான்.

மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. அதில் அக்காவும் சின்னவளும். அக்கா முப்பத்துநாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சர்ஜன் கையை நீட்டினால் போதும், வாயைத் திறப்பதற்குள் கத்திரியோ இடுக்கியோ உள்ளங்கையில் வந்து உட்காரும். வீட்டிலும் அப்படித்தான். அப்பா போனபோது சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிடும். படிப்பு, வேலை, குளிர்காலக் கம்பளி, எல்லாமே கேட்காமலே கைக்கு வந்தன. குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பத்தொன்பது வயதிலும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், பின்னாலேயே போய் ஒருமுறை திருகிப் பார்ப்பது அக்காவின் வழக்கம்.

ரிட்டயர் ஆன பிறகு அக்காவின் பார்வை மீனின் மேல் விழுந்தது. நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "பாவம்டி, எத்தனை வருஷமா ஒத்தையாவே சுத்துது," என்பாள். அப்படித்தான் மாப்பிள்ளை வாங்கி வந்தாள். இப்போது வடிகட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தி நாலு வருஷத்துல என் கையால ஒரு தப்பு நடந்ததில்லடி," என்றாள். குரல் உடைந்திருந்தது. அக்காவின் குரல் உடைந்து சின்னவள் கேட்டதே இல்லை. அவள் வடிகட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் மீன்கடைக்குப் போனாள். கடைக்காரர் நடந்ததைக் கேட்டதும், "அந்தப் பொல்லாததை எங்கிட்டயே குடுத்துடுங்கம்மா. சாதுவா ஒரு ஜோடி தர்றேன்," என்றார்.

"அது எங்க வீட்டு மீனு. ஏன் கொன்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். இந்த மீன்கள் பிறக்கும்போது எல்லாமே ஆண்தான், எது அடக்கி ஆள்கிறதோ அது பெண்ணாக மாறிவிடும் என்றார். ஆறு வருஷம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த ராங்கி எப்போதோ ராணியாகியிருக்கும். அக்கா வாங்கிப் போனது கிட்டத்தட்ட அதே அளவு மீன். ராங்கியின் கண்ணுக்கு அது மாப்பிள்ளையாகத் தெரியவில்லை, வீட்டைப் பிடுங்க வந்த எதிரியாகத்தான் தெரிந்திருக்கும்.

"பாதி அளவுகூட இருக்கக் கூடாதும்மா. உடம்பைச் சாய்ச்சு நடுங்கத் தெரிஞ்ச குட்டியா இருக்கணும். அப்படி நடுங்கினா, நீதான் பெரியவன்னு ஒத்துக்கிட்டுதுன்னு அர்த்தம். அதையும் நேரா விடக் கூடாது. ரெண்டும் பாக்கணும், பழகணும்."

"எத்தனை நாளு?"

"அதை மீனுதான் சொல்லும்."

அந்தப் பதில் சின்னவளுக்குப் பிடித்திருந்தது. அவள் தொழிலும் அப்படிப்பட்டதுதான். கண்ணாடிக் கடையின் பின்னறையில், வெட்டி வந்த லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ப ஓரம் தேய்ப்பவள். இருபத்தாறு வருஷமாக அதே சக்கரம், அதே ஈரத் தூள். மயிரிழை கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் கழன்று விழும், குறைந்தால் திருகாணியை முடுக்கும்போது விரிசல் விடும். போதும் என்பதை லென்ஸ்தான் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தினால் சொல்லாது.

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் ஒரு பெட்டி செய்தாள். பழைய காட்சி ஸ்டாண்டிலிருந்து கழற்றிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகள். பக்கத்துக்கு முப்பது துளை. தண்ணீர் போய்வர வேண்டும், ராங்கியின் வாய் நுழையக் கூடாது. ஒவ்வொரு துளையின் விளிம்பையும் சக்கரத்தில் கொடுத்து மழுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் உரசிப் பார்த்தாள். ஒரு சிறு கீறல் பட்டாலும் மறுபடி சக்கரம்.

"யாருக்கும்மா இப்படிப் பாத்துப் பாத்து செய்யறீங்க?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஒரு சின்னப் பையனுக்கு சார்," என்றாள்.

பெட்டியின் பசை காய்ந்து, நான்கு நாள் தண்ணீரில் ஊறி வாசனை போன பிறகுதான் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அக்காவின் முகம் மாறியது.

"வேணாம். இன்னொரு சாவை என்னால பாக்க முடியாது."

"நீ பாக்க வேணாங்க்கா. நான் பாத்துக்கறேன்."

"நீயா?"

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள், அவ்வளவுதான். அதுதான் சின்னவளுக்குச் சுருக்கென்றது. நேராக மீன்கடைக்குப் போய், கடைக்காரர் இரண்டு வாரம் தனியாக வைத்து நோய்நொடி இல்லை என்று பார்த்திருந்த குட்டி ஒன்றை வாங்கி வந்தாள். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சுண்டு என்றே கூப்பிட்டாள்.

பெட்டியைத் தொட்டிக்குள் தொங்கவிட்டதும் ராங்கி பாய்ந்தது. டொக், டொக் என்று மூக்கால் மோதுகிற சத்தம் சமையலறை வரை கேட்டது. சுண்டு மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டது. சின்னவள் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டு வந்த ஆர்டர் சீட்டுப் புத்தகத்தில், காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், எத்தனை மோதல் என்று எழுதினாள். முதல் நாள் நாற்பத்து மூன்று. இரண்டாம் நாள் நாற்பத்தொன்று. ஐந்தாம் நாள் இருபது. எட்டாம் நாள் ஆறு.

அந்த எட்டாம் நாள் மாலை அவள் உள்ளே நுழையும்போது அக்கா தொட்டியருகே நின்றிருந்தாள். முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டி, கை தண்ணீருக்குள்ளே, விரல்கள் பெட்டியின் மூடிமேல்.

"போதும்டி. பாரு, பேசாமதான இருக்கா. தொறந்து விட்டுடலாம்."

"கைய எடு அக்கா."

"நான் என்ன சொல்றேன்னா..."

"கைய எடு."

தன் குரல்தானா என்று சின்னவளுக்கே திகைப்பாக இருந்தது. அக்கா கையை எடுத்தாள். ஒரு தியேட்டரே காத்துக்கிடந்த கை அது. முழங்கையிலிருந்து உப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு நாள், "பால் தீந்துடுச்சு", "சாவி எங்க" என்பதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் பேச்சு வந்தது. மீனைப் பற்றி மட்டும் அக்கா வாயே திறக்கவில்லை. இந்தக் குட்டியும் செத்தால் இந்த ஜென்மத்தில் இனி அக்காவிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேச முடியாது. இருந்தாலும் மூடியைத் திறக்கச் சின்னவளுக்கு மனம் வரவில்லை. ஆறு என்பது ஆறுதான். சைபர் இல்லை.

பதிமூன்றாம் நாள் சைபர் வந்தது. ராங்கி பெட்டியை ஒட்டி மிதந்துகொண்டிருந்தது. உள்ளே சுண்டு உடம்பைச் சாய்த்து, தலையிலிருந்து வால் வரை சிலிர்த்து நடுங்கியது. அவள் இன்னும் நாலு நாள் பொறுத்தாள். நாலும் சைபர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராங்கிக்கு வயிறு முட்டத் தீனி போட்டாள். தொட்டி விளக்கை அணைத்தாள். பாறைகளை இடம் மாற்றி, மண்சட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினாள். வீடு இருவருக்குமே புதுசாக இருந்தால் சொந்தம் கொண்டாட ஒன்றும் இருக்காது. இதற்குள் ராங்கி அவள் விரலை மூன்று முறை கடித்துவிட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அக்கா எப்போது வந்தாள் என்று தெரியாது. பக்கத்தில் நின்று சின்ன வலையை நீட்டினாள். சின்னவள் வாங்கிக்கொண்டாள்.

பெட்டி சாய்ந்தது. சுண்டு வெளியே வரவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. வந்ததுதான் தாமதம், ராங்கி அம்பு மாதிரிப் பாய்ந்து வாலைக் கவ்வியது. குட்டி உதறிக்கொண்டு ஓட, தொட்டியை இரண்டு சுற்று சுற்றி வளைத்துத் துரத்தியது.

"எடுடி! எடுத்துடு அதை!" அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

வலை கையில்தான் இருந்தது. நேராக நீந்த முடியாமல் கவிழ்ந்தால் எடுத்துவிட வேண்டும், அதுவரை தொடக் கூடாது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். சுண்டு இன்னும் நேராகத்தான் நீந்தியது.

"இரு அக்கா."

மூன்றாவது சுற்றில் சுண்டு ஓடுவதை நிறுத்தியது. திரும்பி, உடம்பைச் சாய்த்து, நடுங்கியது. ராங்கி ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. வாய் திறந்து மூடியது. பிறகு மெல்லத் திரும்பி மண்சட்டியைத் தேடிப் போனது. போன வேகத்தில் மறுபடி வந்து ஒரு இடி இடித்தது. மறுபடி நடுக்கம். மறுபடி திரும்பல்.

"என்னடி பண்ணுதுங்க?" அக்கா கிசுகிசுத்தாள்.

"பேசிக்கிட்டு இருக்காங்க. பேசட்டும்."

இரண்டு மணி நேரம் இருவரும் அங்கேயே இருந்தார்கள். கால் வலித்து அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுண்டின் வாலில் ஒரு சின்ன வெட்டு. அதைத் தவிர ஒன்றுமில்லை. சாயங்காலம் அக்கா கேட்டாள், "நாளைக்கு லீவு போடுறியா?"

"எதுக்கு? நீ இருக்கேல்ல. பத்து நிமிஷத்துக்கு எத்தனை தரம் துரத்துதுன்னு எழுதி வை. எட்டுக்கு மேல போனா எனக்கு ஃபோன் பண்ணு. நீயா எதுவும் செய்யாத."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சரி," என்று சீட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். மறுநாள் வந்து பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்க ஆஸ்பத்திரிக் கையெழுத்தில் மணி வாரியாக எழுதியிருந்தது. ஓரத்தில்: 'இரண்டு முறை சாப்பிட்டது. தெம்பாக இருக்கிறது.'

ஒரு மாதத்தில் துரத்தல் நின்றது. இரண்டும் ஒரே சட்டியில் தூங்க ஆரம்பித்தன. கடைக்காரர் தேடி வந்து பார்த்துவிட்டு, "இதை எங்கிட்ட குடுக்கச் சொன்னேன் பாருங்க," என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஒரு சனிக்கிழமை சின்னவள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது கூடத்தில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அக்காவோடு வேலை பார்த்த நர்சுகள். நாற்காலிகள் தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவர்களில் உயரமானவர், "நீங்க கை வச்சா நடக்காம இருக்குமா சிஸ்டர்? எப்படிச் சேத்து வச்சீங்க, சொல்லுங்க," என்றார்.

"நான் கை வச்சது செத்துப் போச்சு," என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் தெரியாது. இதோ வந்துட்டா பாருங்க, அவளைக் கேளுங்க. அவதான் செஞ்சா. அந்தப் பெட்டிகூட அவ கைவேலைதான். தொட்டுப் பாருங்க, ஒரு ஓரம் குத்தாது." பெட்டி மேஜைமேல் பூ ஜாடிக்குப் பக்கத்தில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. சின்னவளின் முழங்கையில் லென்ஸ் தூள் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள். நாற்பத்து மூன்றிலிருந்து. ஒரு இடத்தில் சொல் வராமல் தடுமாறினாள். அக்கா எடுத்துக் கொடுக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல் தானாக வந்தது.

உயரமானவர் கேட்டுக்கொண்டே எழுந்து போய்க் கண்ணாடியில் விரலை வைத்தார். ராங்கி சட்டியிலிருந்து புயலாக வெளிவந்து துடுப்புகளை விரித்து அந்த விரலை முட்டியது. அவர் "ஐயோ" என்று பின்வாங்க, மற்றவர்கள் சிரித்தார்கள். ராங்கியின் வயிற்றுக்கு அடியிலிருந்து சுண்டு எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் பக்கத்தில் வந்து நின்று, இருக்கிற துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு, அத்தனை பேரையும் பார்த்துக் கண்ணாடியில் ஒரு முட்டு முட்டியது.