பையில் கிடந்த தோல்

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். மூன்று வருடமாக அவர் முகம் திடீர் திடீரென்று சிவக்கும், கழுத்துவரை கொதிக்கும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். குடிக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். டிப்போவில் தினமும் ஊதிக் காட்டுகிறேன், மெஷினில் சைபர்தான் வருகிறது என்பார். என்னையே ஏய்க்கிறவருக்கு மெஷின் எம்மாத்திரம்?

வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. முதல் டாக்டர் மனக்கவலை என்றார், அடுத்தவர் அலர்ஜி என்றார், மூன்றாமவர் குடல் எரிச்சல் என்றார். எந்த மாத்திரையும் கேட்கவில்லை. நோய் இருந்தால்தானே மருந்து கேட்கும் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

நாலாவதாகப் பார்த்த டாக்டரம்மா, ஒருநாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடித்துத் தரச் சொன்னார்.

"குடல்ல அபூர்வமா ஒரு கட்டி வரும்; அது சுரக்கிறது முகத்தைச் சிவக்க வைக்கும், சிறுநீர்லயும் இறங்கும். அதுவான்னு பார்க்கணும். மூணு நாள் முன்னாடியிருந்தே வாழைப்பழம், அன்னாசி தொடாதீங்க. தொட்டா அளவு பொய்யா ஏறும்."

அளவு ஏறித்தான் வந்தது.

"பழம் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

"பொய்!" என்றேன் நான். "இவர் பையில வாழைப்பழத் தோலை நானே பார்த்தேன்."

"அது கண்டக்டர் போட்டது" என்றார் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சரி, இந்த ரிசல்ட் வேண்டாம். மறுபடி எடுங்க."

"ஊதியும் காட்டியாச்சு, பிடிச்சும் குடுத்தாச்சு. நான் வரல" என்று இவர் வீம்பு பிடித்தார். ஆறு மாதம் ஓடியது. சட்டை தொளதொளவென்று ஆன பிறகுதான் சம்மதித்தார்.

இந்தமுறை நான் விடவில்லை. மூன்று நாளும் டிக்கெட் வாங்கி, அவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். இரண்டாம் நாள், கண்டக்டர் ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, டிரைவர் சீட்டில் தொங்கிய பைக்குள் தோலைத் திணித்தார்.

"வண்டியில குப்பைத்தொட்டி இல்லக்கா. அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அளவு முன்னைவிட ஏறியிருந்தது. ஸ்கேனில் சிறுகுடலில் கட்டி; கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

"போன தடவை வந்ததும் சரியான ரிசல்ட்தான்" என்றார் டாக்டரம்மா, என்னைப் பார்க்காமல். "அப்பவே ஸ்கேன் எடுத்திருக்கலாம்."

நான் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் தன் நாற்காலியை டாக்டரம்மா பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டாக்டர், முகம் சிவக்கிறது குடியால இல்லன்னு ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா? வீட்ல காட்டணும்."