ஆறு மீட்டர் சுரங்கப்பாதை

வனத்துறை அலுவலகத்தில் அவளுக்கு 'வரிக்காரி' என்றுதான் பெயர். தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களில் வரிகளை ஒப்பிட்டு, எது எந்தப் புலி என்று சொல்வது அவள் வேலை. "மருமக வரி பாக்குறா" என்று மாமியார் சொல்லப்போய், தெருவில் பாதிப்பேர் வருமான வரி அதிகாரி என்று பயந்து ஒதுங்கிப் போகிறார்கள்.

இரண்டு காடுகளுக்கு நடுவே நாலுவழிச் சாலை வந்தபோது, புலிகள் அங்கேதான் கடக்கின்றன என்று படங்களோடு எழுதிக் கொடுத்தாள். சாலை நிற்கவில்லை. அடியில் ஒரு சுரங்கப்பாதை கிடைத்தது.

"அம்பது மீட்டர் அகலம் கேட்டோம், ஆறு குடுத்திருக்காங்க. கிடைச்ச வரைக்கும் லாபம்மா," என்றார் ரேஞ்சர்.

அதன் வாயில் கேமரா கட்டினாள். பதினான்கு மாதங்களாக நாய்கள், பன்றிகள், குறுக்குவழி தேடிய மோட்டார் சைக்கிள்கள். பதினேழாம் எண் பெண்புலி ஒன்பது முறை வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் வாயருகே நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. பத்தாம் முறை திரும்பவில்லை. மண்மேட்டில் ஏறிச் சாலைக்கே போய்விட்டது.

விடிந்ததும் ரேஞ்சர் கூப்பிட்டார். சாலையோரம் அடிபட்ட உடலைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இடது விலாப் பக்கம் மட்டும் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். ஒப்பிடத் தேவையே இல்லை. ஆனாலும் படத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டாள். அது கடந்து போகப் பார்த்த மறுபக்கக் காட்டில் மிச்சமிருந்த மூன்றும் ஆண் புலிகள்.

அடுத்த வாரம் மேலதிகாரி அழைத்தார்.

"சுரங்கப்பாதை பத்தி அறிக்கை கேக்குறாங்க. புலி வாசல்ல நிக்குற படம் ஒண்ணு இருக்குல்ல? அட்டையில போட்டா அம்சமா இருக்கும்."

"அது உள்ள போகல சார். திரும்பிடுச்சு."

"படத்துல திரும்பலையே."

"அந்தப் புலிதான் சார் செத்தது!"

"வரியெல்லாம் உனக்குத்தாம்மா தெரியும். பாக்குறவங்களுக்கு எல்லாம் ஒரே புலி."

அவள் தர மறுத்தாள். பத்தே நிமிஷத்தில் வேறு யாரோ கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கையைக் காட்டியே அடுத்த சாலைக்கும் அனுமதி வாங்கினார்கள். அதற்கும் ஆறு மீட்டர்தான்.

"இப்படி வெந்து சாகுறதுக்கு வேலைய விட்டுடேன்," என்றான் கணவன்.

"விட்டா, செத்தது எதுன்னு சொல்லக்கூட ஆளிருக்காது."

மறுநாள் காலை கேமராவுக்குப் பேட்டரி மாற்றப் போனாள். சுரங்கப்பாதைக்குள் யாரோ தழை போட்டு நாலு ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். தலைக்கு மேலே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.