பாத்துக்கோங்க

தண்ணீர் முறை தனக்கு வரும்வரை லிப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளாது. அடுக்குமாடிகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள் கூடிப் பிரித்துக்கொண்ட தோட்டம் அது. அவருடைய பாத்தியில் களை ஒன்று தலை நீட்டிவிட முடியுமா என்ன! "அண்ணே, பாத்திக்கு இன்னும் தலைவாரி விடலையா?" என்று கிண்டலடிப்பார் பக்கத்துப் பாத்தி முடிதிருத்துபவர். மனைவி இருந்தவரை மெக்கானிக் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவள் கடைசியாகச் சொன்னதுதான் அவரை இங்கே கட்டிப்போட்டிருந்தது.

அன்று மகள் பெட்டியோடு வந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை, முப்பது வயது, ஆனாலும் வீட்டில் பாப்பாதான்.

"வெளியூர்ல வேலை கெடச்சிருக்குப்பா. இப்பவே கெளம்புறேன்."

அவர் பழுத்த தக்காளிகளாகப் பறித்துப் பையில் போட்டார்.

"உங்கம்மா கடைசியா சொன்னத இன்னிக்கு வரைக்கும் காப்பாத்திட்டேன் பாப்பா. பாத்தியப் பாத்துக்கோங்கன்னா."

"பாத்தின்னா சொன்னாங்க?" அவள் அவரையே பார்த்தாள். "அம்மா என்னிக்குப்பா பாத்தின்னிருக்காங்க? என் செடிங்கன்னுதான சொல்லுவாங்க."

ஆஸ்பத்திரியில் முகமூடிக்குள்ளிருந்து 'பா' கேட்டது. 'பாத்துக்கோங்க' கேட்டது. நடுவில் இருந்ததை அவரே நிரப்பிக்கொண்டார். அந்த வாரம் மழை இல்லை, செடியெல்லாம் வாடுமே என்று மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள். வேறு எதுவாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"என் வீட்டுக்காரர விட்டுட்டு வந்துட்டேன்னு அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணேன். தண்ணி முறை வந்துடுச்சு, அப்புறம் பேசுறேன்னீங்க."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவளோ எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று சொல்பவளைப் போலச் சொன்னாள்.

"இங்கயே இருந்துடேன் பாப்பா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா."

தக்காளிப் பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"அண்ணே, உங்க முறை!" முடிதிருத்துபவர் ரப்பர் குழாயை நீட்டினார். மெக்கானிக் வாங்கவில்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாத்திய என்று ஒருமுறை சொன்னார். பாப்பாவ என்று ஒருமுறை சொன்னார். வித்தியாசம் தெரியவில்லை. கையை இன்னும் இறுக்கிக்கொண்டு மறுபடி சொல்லிப் பார்த்தார்.

"யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

முடிதிருத்துபவர் கீழே போட்ட குழாயிலிருந்து தண்ணீர் மெக்கானிக்கின் செருப்பை நனைத்துவிட்டுப் பாத்திக்குள் ஓடிக்கொண்டிருந்தது.